சுவரில் ஒரு சாதனை

உலகத்தை ஒரு நாள் விடாமல் பார்ப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் சூரியன். இன்னொருவர் என் அப்பா. சூரியனாவது மழைக்காலத்தில் விடுப்பு எடுக்கும். அப்பா எடுக்கமாட்டார்.

தினமும் காலையில் பல் துலக்கியதும் எங்கள் சமையலறைச் சுவரில் உள்ள விரிசலை அவர் ஒரு படம் எடுப்பார். அது அவருக்குக் கல்யாணமான வருஷம் விழுந்த விரிசல். வேறு யாராக இருந்தாலும் சிமென்ட் வாங்கியிருப்பார்கள். அப்பா கேமரா வாங்கினார். தொலைநோக்கு என்பது அதுதான்.

வெறும் விரிசலைப் படம் எடுத்தால் அது எவ்வளவு பெரிது என்று வருங்காலத்துக்கு எப்படித் தெரியும்? ஆகவே அம்மா பக்கத்தில் நிற்பாள், 'அளவுக்கு'.

"அசையாத."

"பால் பொங்குதுங்க."

"பால் நாளைக்கும் பொங்கும். இன்னைய விரிசல் இன்னைக்கு மட்டும்தான்."

காய்ச்சலிலும் நின்றாள். என்னைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போன சில நாட்கள் மட்டும் அவள் இடத்தில் துடைப்பம் நின்றது. பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்று அப்பா பெருந்தன்மையோடு சொன்னாராம்.

இந்த மழைக்கு விரிசல் வழியாக வந்த தண்ணீர் அடுப்புவரை எட்டிவிட்டது. ஈரத்திலேயே நின்று சமைத்ததில் அம்மாவுக்கு இருமல் விடவில்லை. யாரையும் கேட்காமல் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கலையின் வரலாற்றில் இதைவிடக் கொடிய தாக்குதல் நடந்ததில்லை. அப்பா சுவருக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார்.

"பூசிட்டா என் வாழ்நாள் உழைப்பு என்ன ஆகறது?"

"சார், இது விரிசல் சார்," என்றார் கொத்தனார்.

"உங்களுக்கு அப்படித்தான் தெரியும்."

விவகாரம் குடியிருப்போர் சங்கத்துக்குப் போனது. செயலாளரும் பொருளாளரும் எங்கள் சமையலறையிலேயே 'அவசரக் கூட்டம்' கூட்டினார்கள். கொத்தனார் தன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். குழைத்த கலவை சட்டியில் காய ஆரம்பித்தது.

அப்பா வருஷத்துக்கு ஒரு படமாகத் தரையில் பரப்பினார். "ஆரம்பத்துல விரிசலோட மேல்நுனி இவ உச்சந்தலைக்கு நேரா இருந்துச்சு. இப்போ நாலு விரக்கடை மேல. வளர்ச்சியப் பாருங்க."

செயலாளர் நெகிழ்ந்துபோனார். "நம்ம கட்டடத்துல வளர்ந்தது இது ஒண்ணுதான் சார். இதப் போய் மூடறதாவது."

பொருளாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "மேல ஒரு ஆணி இருக்கே. எல்லாப் படத்துலயும் விரிசல் அந்த ஆணிகிட்டயே நிக்குது. அப்போ விரிசல் வளரல சார்."

"பின்ன?"

"உங்க வீட்டுக்காரம்மாதான் குறைஞ்சிருக்காங்க."

எல்லோரும் முதல் படத்து அம்மாவிலிருந்து கடைசிப் படத்து அம்மாவரை குனிந்து குனிந்து பார்த்தார்கள். நிமிர்ந்து நிஜ அம்மாவைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஆதாரம்தான் கீழேயே இருக்கிறதே.

அப்பா நெடுநேரம் யோசித்தார். பெரிய மனிதர்கள் தவறை ஒப்புக்கொள்ளத் தயங்குவதில்லை.

"அளவுகோல்ல பிழை இருக்கு," என்றார். "தேய்ஞ்சிடுச்சு. நாளையிலேருந்து இவ நிக்கட்டும்." விரல் என்னை நோக்கி நீண்டது. "இவ இன்னும் ரொம்ப நாள் தாங்குவா."

"நியாயமான ஏற்பாடு," என்றார் செயலாளர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. என் மனதையும் அம்மாவின் மனதையும் விதிகளின்படி எண்ணவில்லை.

நான் சுவரோரம் போய் நின்று பார்த்தேன். முதுகு சில்லென்று நனைந்தது. அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்து, தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். இருமி முடித்துவிட்டு, கொத்தனாரைப் பார்த்தாள்.

"பூசிடுப்பா."

"சங்கத்துல வேற மாதிரி..."

"சங்கத்துக்கு நான் சமைக்கறேனா? பூசு."

கொத்தனார் எழுந்தார். கரண்டி நாலு வீச்சு வீசியது. ஓர் ஆயுளின் கலைப்படைப்பு மேலிருந்து கீழாக மறைந்தது. செயலாளர் கைக்குட்டையை எடுத்தார்.

அப்பா கேமராவும் கையுமாகத் திரும்பினார். அவரை அவ்வளவு நிராதரவாக நான் பார்த்ததே இல்லை.

"அப்போ நாளையிலேருந்து நான் எதப் படம் எடுக்கறது?"

அம்மா அவர் முகத்துக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் கண்கள் அவளைத் தாண்டி மற்ற சுவர்களில் தேடிக்கொண்டிருந்தன. இப்படி ஒரு பார்வை ஒரே நாளில் யாருக்கும் வாய்த்துவிடாது. ஆயுள் முழுக்க, ஒரு நாள் விடாமல் பழக வேண்டும்.