பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டத்துக்கு நான் எழுதிய கடிதம்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நம்பிய ஆள் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில் எனக்குக் கடிதங்களைத் தரம்பிரிக்கும் வேலை. பாரிஸ் விலாசங்களை வாசித்து வாசித்து அந்த மொழி தானாகவே எனக்குள் ஊறிவிட்டதென்று எண்ணம். பிரித்தானியக் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும், "முதல் ஹொலிடே பிரான்சிலதான். திராட்சை பிடுங்கிறதைப் பாக்க பேர்கண்டித் தோட்டங்களுக்குப் போறம்" என்று வீட்டில் அறிவித்தேன். (எங்கள் வீட்டில் வைன் குடிக்கிற ஆள் ஒருத்தரும் இல்லை!)

அறை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு தோட்டத்தின் விலாசத்தை நூலகப் புத்தகத்தில் பிடித்தேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கும் மகள் மதுரா எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, ஒருக்காத் தாங்கோ, பிழை பாக்கிறன்."

"நீ இப்பதானே படிக்கத் தொடங்கினனீ. போய் ஹோம்வேர்க்கைச் செய்."

இரண்டு கிழமையில் பதில் வந்தது. மூவரும் வரலாம், பூட்ஸ் கொண்டுவரவும் என்ற அளவில் எனக்கு விளங்கியது. வயல்வெளியில் உலாவுவதற்குத்தான் பூட்ஸ் என்று விளக்கமும் கொடுத்தேன். லண்டன் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்த ஒருவரையும் அந்தக் கடிதத்தைக் காட்டாமல் நான் விடவில்லை.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தோட்டத்துச் சொந்தக்கார அம்மையார் என்னிடமும் மனைவி பவானியிடமும் ஆளுக்கொரு கத்தரிக்கோலும் வாளியும் தந்தார்.

"விருந்தாளியளுக்கு இப்பிடி ஒரு மரியாதை போல" என்றேன்.

தோட்டத்தில் இருபது பேர் குனிந்து திராட்சை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மதுராவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மையாரிடம் என் கடிதத்தைக் கேட்டு வாங்கி வாசித்தவள், அப்படியே மண்ணில் குந்திவிட்டாள்.

"அப்பா, பிடுங்கிறதைப் பாக்க வாறம் எண்டு நீங்கள் எழுதேல்லை. பிடுங்க வாறம் எண்டு எழுதியிருக்கிறியள். நாங்கள் நல்ல பலசாலியளாம்!"

விஷயம் விளங்கியதும் அம்மையார் சிரித்தார். பிறகு முகம் வாடியது. எங்களை நம்பி அவர் வேறு ஆட்களை எடுக்கவில்லை. பின்னேரம் மழை வரும் என்று வானொலி சொல்லியிருந்தது. எனக்கு அந்த வாளிக்குள்ளேயே தலையைப் புதைக்கலாம் போலிருந்தது.

திரும்பிப் பார்த்தால் பவானி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஒரு கொடி நிரையில் பாதியை முடித்திருந்தாள்.

"வாருமப்பா, போவம்" என்றேன்.

"தொடங்கின நிரையை விட்டிட்டு வரேலாது. நீங்கள் போய் இருங்கோ."

நானும் விடவில்லை. இரண்டாவது குலையிலேயே விரலை வெட்டிக்கொண்டேன். மதுரா துணி சுற்றிவிட்டாள். அதற்குப் பிறகு பவானிக்கு வாளி தூக்குவதுதான் என் உத்தியோகம். கடைசி நிரை முடிந்து பத்து நிமிடத்தில் மழை கொட்டியது.

சாப்பாட்டு மேசையில் அம்மையார் பவானியின் கையை உயர்த்திப் பிடித்து ஏதோ சொன்னார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

"இவ்வளவு கெதியான கையைத் தான் கண்டதில்லையாம்" என்றாள் மதுரா.

விரலில் சுற்றிய துணி கழன்று விழும்வரை நானும் தட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக வேறெதற்கும் கைதட்டியதில்லை.

அடுத்த வருடத்திலிருந்து அந்தத் தோட்டத்து அழைப்பு பவானியின் பெயருக்கே வந்தது. அடியில் ஒரு வரி: "விருப்பமென்றால் கணவரும் வரலாம்." மதுரா அதை எங்கள் உறவினர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டாள். இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டுக் கார்டு வந்தாலும், உறையில் பவானியின் பெயருக்குக் கீழே யாராவது அந்த வரியைப் பேனையால் எழுதித்தான் அனுப்புகிறார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வருகிறேன்.