கிக்டவுன் கம்பி துயிலெழுந்த படலம்

வாழ்க கம்பியே. சுண்டுவிரல் தடிமனும் இல்லாத மெல்லுடல் மறவனே, ஆக்சிலேட்டர் மிதியின் அடியில் தலையும் கியர்பெட்டியின் விலாவில் காலும் நீட்டி, கிரீஸ் மணக்கும் பேரிருளில் பள்ளிகொண்ட பெருந்தகையே, கடல்கடந்த கம்மியர் கிக்டவுன் என்று பெயர் சூட்டிய காவலனே, உன்னை வணங்கியே இந்தப் போர்க்கதை தொடங்குகிறது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் காரில் உனக்கு விதித்த கடமை ஒன்றே ஒன்று. ஓட்டுகிறவன் மிதியைத் தரைவரை அழுத்தும் கணத்தில் நீ இழுபடுவாய். நீ இழுபட்டால் கியர் ஒரு படி கீழிறங்கும். கியர் இறங்கினால் எஞ்சின் சினந்தெழும், வண்டி பாயும், முன்னே போகிறவன் பின்னே போவான். தரைவரை அழுத்தாதவனுக்கு நீ இருந்தும் இல்லை.

அப்படி அழுத்தாதவன் ஒருவன் பீளமேட்டில் இருந்தான். பம்புசெட்டுப் பட்டறை வேந்தன், வார்ப்பிரும்பு வளநாடன், கஞ்சத்தனத்தைச் சிக்கனம் என்று அழைக்கும் சொல்வல்லான், தம்பிதுரை என்பது அவன் திருநாமம். குன்னூர் எஸ்டேட்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போகையில் விற்ற வெளிநாட்டுக் காரை வாங்கிய அன்றே, பெட்ரோல் என்னும் பெரும்பூதம் தன் செல்வத்தை உறிஞ்சிவிடாதபடி, பட்டறையில் தேக்குக்கட்டை ஒன்றை அறுத்து, இழைத்து, வார்னிஷும் பூசி, மிதிக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கினான். மிதி பாதி வழி போய்க் கட்டையில் முட்டி நிற்கும். பெட்ரோல் மிஞ்சியது. கம்பி உறங்கியது. வண்டியில் இழுவை இல்லை என்று ஊர் சிரித்தது. கிளட்ச் இல்லாத வண்டி அப்படித்தான் இருக்கும் என்று தம்பிதுரையும் நம்பினான்.

இவ்வாறிருக்க, தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஆவணியில், கோபிசெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட அவன் தங்கை பழனாத்தாள் தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். ஊசி ஏறும் நேரத்தில் குழந்தை தாய்மாமன் மடியில் இருந்தாக வேண்டும். மாமன் ஒருவனாக இருந்தால் வழக்கே இல்லை. இங்கே இருவர். மூத்தவன் தம்பிதுரை, இளையவன் தனபால், நூல்மூட்டை சுமக்கும் மட்டடோர் வேனின் தனிப்பெருந்தலைவன். அந்த மடி தன் மடியே என்று இரு வேந்தரும் தொலைபேசியில் முரசறைய, காது நொந்த பழனாத்தாள் பேராணை பிறப்பித்தாள்.

"எனக்கு ரெண்டு பேரும் வேணுமுங்க. ஆரு மொதல்ல வந்து எறங்கறீங்களோ, அவிய மடியில புள்ளைய உக்கார வெக்கறேன். அப்பறம் ஆரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

குறித்த நாள் காலை, அவினாசியைத் தாண்டிச் சேவூர்ச் சாலையில் இரு படைகளும் எதிர்ப்பட்டன. எதிர்ப்பட்டன என்பது புலவர் வழக்கு; உண்மையில் மட்டடோர் முன்னே போனது, கார் அதன் புகைக்குள் போனது. கார்கால மேகம் தரையிறங்கி உருண்டதுபோல் கரும்புகை கக்கி, குத்துப்பட்ட யானைபோல் பிளிறி, சாலையின் நட்டநடுவே அந்த வேன் அசைந்து செல்ல, தம்பிதுரை வலப்புறம் ஏறினான், மிதித்தான், மிதி கட்டையில் முட்டியது, கார் பெருமூச்சு விட்டது, பின்வாங்கினான். மீண்டும் ஏறினான், மீண்டும் முட்டியது, மீண்டும் பின்வாங்கினான். பட்டுவேட்டிக்குப் பொருந்தாத வியர்வை முதுகில் வழிந்தது. அப்போது தனபால் சன்னல் வழியே தலையை நீட்டி, கொங்குநாட்டுக்கே உரிய மரியாதையோடு ஓர் அம்பை எய்தான்.

"என்னுங்ணா, வண்டிக்கு ஒடம்புக்கு முடியலீங்களா? கயிறு இருக்குதுங்ணா, கட்டி இழுத்துட்டுப் போகட்டுங்களா?"

அந்த அம்பு மார்பைத் துளைத்து முதுகு வழியே போய்ப் பின்சீட்டுச் சீர்த்தட்டில் இருந்த வாழைப்பழத்தில் குத்தி நின்றது. அருகிலிருந்த மனைவி செல்லாத்தாள், இதுவரை வாய் திறக்காத பெருமாட்டி, திறந்தாள்.

"ஏனுங்க, அந்தக் கட்டையக் கழட்டித்தான் போடுங்களே."

"பெட்ரோல் குடிக்கும் அம்மணி."

"அப்ப பெட்ரோலை மடியில வெச்சுக் காது குத்திக்குங்க."

அக்கணம் தம்பிதுரையின் நெஞ்சுக்குள் மூண்ட போரை எந்தப் பரணியும் பாடியதில்லை. ஒருபுறம் மாமன், மறுபுறம் முதலாளி. மாமன் மருமகளின் பிஞ்சுக் காதுகளைக் காட்டினான். முதலாளி டேங்க் முள்ளைக் காட்டினான். வேன் வளைவில் மறைந்தது. மாமன் வென்றான். காரைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டி, ஸ்பேனரை வாளென உருவி, பட்டுவேட்டியோடு மிதிக்கடியில் குப்புற விழுந்து, தன் கையாலேயே முடுக்கிய போல்ட்டைத் தன்னையே திட்டியபடி கழற்றி, வார்னிஷ் மின்னும் அந்தத் தேக்கைக் காட்டாமணக்குப் புதருக்குள் வீசினான்.

பின் மிதித்தான். மிதி போனது. அதுவரை போயிராத ஆழத்துக்குப் போய்த் தரையைத் தொட்டது.

கம்பி விழித்தது. துருவை உதிர்த்து, சோம்பல் முறித்து, ஒரே இழுப்பில் கியரைக் கீழே தள்ள, குன்னூர் மலையேற்றங்களை எல்லாம் ஒருகாலத்தில் விழுங்கிய அந்த எஞ்சின் பழம்பகை நினைவுக்கு வந்ததுபோல் உறுமி எழுந்தது. செல்லாத்தாளின் தலை சீட்டில் மோதியது, சீர்த்தட்டின் தேங்காய்கள் பின்சீட்டில் உருண்டன. புளியமரங்கள் புறமுதுகிட்டு ஓடின. நம்பியூருக்கு முன்பே மட்டடோர் தெரிந்தது, பெருத்தது, பக்கவாட்டில் வந்தது, தனபாலின் வாய் ஏதோ சொல்லத் திறந்தபடியே பின்னால் போய்ப் புள்ளியானது.

"இத்தன நாளா இத எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றாள் செல்லாத்தாள். தம்பிதுரையின் ஒரு கண் சாலையிலும் ஒரு கண் இறங்கும் டேங்க் முள்ளிலும் இருந்தது. ஆனால் கால் மட்டும் தரையைவிட்டு எழவில்லை.

பந்தல் வாசலில் வெற்றிவேந்தன் இறங்கினான். கிரீஸ் படிந்த பட்டுவேட்டியே வீரக்கவசமாக, உறவுக்கூட்டம் இருபுறமும் வழிவிட, மணையில் சென்று அமர்ந்தான். பழனாத்தாள் சொன்ன சொல் தவறாமல், எண்ணெய் மணக்கும் மகளைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தாள். தம்பிதுரை மார்பை நிமிர்த்தி, திசையெட்டும் அதிரும் குரலில், காது குத்தும் பொற்கொல்லராகிய பத்தரை உடனே முன்னே வரச்சொல்லி ஆணையிட்டான்.

"பத்தரைத் தனபாலுதானுங்ணா வேன்ல கூட்டிட்டு வாரான்" என்றாள் பழனாத்தாள்.

எல்லோரும் தனபாலுக்காக உட்கார்ந்திருந்தார்கள்.