மிளகின் குடலும் என் மூக்குக்கண்ணாடியும்

நான் ஒரு பீற்றல் பேர்வழி. இதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கணவர் முந்திக்கொள்வார்.

கால்நடை மருத்துவராகக் கொல்லிமலையில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். தேவனூர் நாட்டிலிருந்து (இந்த மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்) பாப்பாத்தி என்றொரு பெண், என் வயதுதான் இருக்கும், ஒரு கறுப்பு நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நாயின் பெயர் மிளகு. நான்கு நாளாக வாந்தி, வயிறு கல்லாக இருந்தது.

"பலாக்கொட்டைய முழுங்கிருச்சுங்க டாக்டரம்மா. மரவள்ளிக் காட்டுல பன்னி வராம பாக்குறது இதுதானுங்க. எங்கால் மேல தலைய வெச்சுத்தான் தூங்கும். எப்படியாச்சும் காப்பாத்திக் குடுங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி நாமக்கல் போய்ச் சேரும்வரை மிளகு தாங்காது. என் உதவியாளரோ ஏதோ கல்யாணத்துக்காகக் கீழே இறங்கியிருந்தார். கத்தியை நான்தான் எடுத்தாக வேண்டும். அதற்கு முன் வாயைத் திறந்தேன்.

"இதெல்லாம் எனக்குச் சாதாரணம்மா. எத்தனை குடல் பார்த்திருக்கேன்." (பார்த்தது உண்மை. கல்லூரியில் மூன்றாவது வரிசையில் நின்று, பேராசிரியரின் தோள்பட்டை வழியாக, ஒரே ஒருமுறை.)

பாப்பாத்தியை முழங்கைவரை தேய்த்துக் கழுவச் சொல்லி, கையுறை மாட்டிவிட்டு, எதிரே நிற்கவைத்தேன். மயக்கம் வந்தால் சுவரில் சாய்ந்துகொள் என்று எச்சரிக்கை வேறு. நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தால், கொட்டை அடைத்த இடத்தில் ஒரு சாண் குடல் கறுத்து அழுகியிருந்தது. எனக்குத்தான் கண் இருட்டியது. சுவரைத் தேடினேன். அவளோ குடலை இரு விரலால் நீவி, உள்ளே இருந்ததை அப்பால் தள்ளி, அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"இதுதான் சிறுகுடல்," என்று விளக்கினேன்.

"தெரியுங்க. நோம்பிக்குக் கெடா வெட்டுனா எங்கூர்ல கொடல் அலசறது நாந்தானுங்க."

கெட்டுப்போன பகுதியைக் கொட்டையோடு வெட்டி எடுத்து, நல்ல முனைகள் இரண்டையும் சேர்த்துத் தைத்தேன். தையலின் அழகில் நானே சொக்கிப்போனேன். வயிற்றை மூட ஊசியை எடுத்தேன்.

"ஏனுங்க, தண்ணி உட்டுப் பாக்கலீங்களா? ஓட்டை இருந்தாத் தெரியுமுங்க. நாங்க அப்படித்தான் பாப்போம்."

"இது குடல் கறி இல்லம்மா, அறுவை சிகிச்சை," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்முன் வந்து நின்றது: தைத்த பின் உப்புநீர் செலுத்திக் கசிவு பார்க்க வேண்டும். (தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி. முழுதாக எழுதியிருந்தேன்.)

"சரி, உன் திருப்திக்காக," என்று பெரிய மனது பண்ணி, சலைனை ஊசி வழியாகக் குடலுக்குள் செலுத்தினேன். இரண்டு தையலுக்கு நடுவிலிருந்து ஒரு பீச்சல் கிளம்பி, நேராக என் மூக்குக்கண்ணாடியில் அடித்தது.

உலகமே மங்கலாகிவிட்டது. கையுறையோடு கண்ணாடியைத் தொடக்கூடாது. தலையைக் கோழிபோல் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபடி மறுபடி தைத்தேன். "இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம்... அங்கதானுங்க," என்று பாப்பாத்தி வழி சொன்னாள். திரும்பவும் சலைன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

"இப்ப மூடு கண்ணு," என்றாள். (அதுவரை நான் டாக்டரம்மா.)

அந்த ஓட்டையோடு மூடியிருந்தால் மிளகு செத்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து மிளகு அவளை இழுத்துக்கொண்டு வந்தது. அவள் கையில் ஒரு தூக்குப்போசி நிறையப் பலாச்சுளை.

"கொட்டையெல்லாம் எடுத்துட்டேனுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க தைக்கிறது?"

இதையெல்லாம் வீட்டில் சொன்னதுதான் நான் செய்த பெரிய தவறு. பெட்டி கட்டி முடித்தாலும் சரி, பட்டன் தைத்தாலும் சரி, கணவர் ஒரே கேள்விதான் கேட்பார். இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, "பிரமாதமா வந்திருக்கு," என்றேன். மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"தண்ணி உட்டுப் பாத்தியாம்மா?"

படித்துப் பார்த்தேன். நாலு இடத்தில் ஒழுகியது.