கொஸ்தாவின் நாற்பதாம் நாளில் நான் போட்ட இசைத்தட்டு

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்குக் கிட்டவும் படிக்காதவனால் வரமுடியாது. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் ரொக்ஸ்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கொஸ்தா, கிரேக்கர். என் தக்காளிக் கன்றுகளுக்கு என்னைவிட அவர்தான் அதிகம் தண்ணீர் ஊற்றியவர். அவர் இறந்த நாற்பதாம் நாள், பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு என்று அவர் மனைவி மரியா அழைத்திருந்தார். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. எங்கள் செத்த வீடுகளில் தேவாரம் ஒலிக்கும். அவர்களுக்கு அவர்களுடைய தேவாரத்தைக் கொண்டுபோனால் என்ன?

என் மகன் செந்தூரன் பழைய இசைத்தட்டுகள் சேர்ப்பவன். ஒன்றின் அட்டையில் கிரேக்க எழுத்துகள். (அல்பா, பீட்டா, தீற்றா எல்லாம் எனக்குத் தெரியும், அதனால் கிரேக்கமே தெரியும் என்ற நினைப்பு.) கீழே மெழுகுவர்த்திகள், இடிந்த கோயில், நீண்ட தாடியோடு நான்கு பேர். துறவிகள் என்று முடிவு செய்தேன். போட்டுப் பார்த்தேன். மணியோசை, ஆண்குரல்களின் மெல்லிய முனகல். அரை நிமிடத்தில் கண் கலங்கிவிட்டது. நிறுத்திப் பையில் வைத்தேன்.

மரியா வீட்டில், அட்டையைப் பையிலேயே விட்டு, கொஸ்தாவின் பிளேயரில் தட்டைப் போட்டேன். மணி அடித்தது. பாதிரியார் உட்பட இருபது பேர் எழுந்து தலைகுனிந்தார்கள். பிறகு டிரம் வெடித்தது. தொண்டையில் எலும்பு சிக்கிய பன்றி மாதிரி ஒருவர் உறுமினார். என்ன மொழி என்று கிரேக்கருக்கே பிடிபடாத உறுமல்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பதில்லையா, இது கிரேக்க ஆண்களின் ஒப்பாரியாக்கும் என்று கைகட்டி நின்றேன். அவர்களோ ஒவ்வொருவராக என்னைப் பார்ப்பதும் மறுபடி தலைகுனிவதுமாக நின்றார்கள். ஒரு குழந்தை மேசைக்குக் கீழே போய்விட்டது.

முழுப் பாட்டும் முடிந்தபின் மரியா என் கையைப் பிடித்தார். உங்கள் ஊரில் இறந்தவர்களுக்கு இப்படித்தான் பாடுவீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. நான் அவர்கள் வழக்கத்துக்கு மரியாதை செய்து நின்றேன். அவர்கள் எங்கள் வழக்கத்துக்கு மரியாதை செய்து நின்றிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கண்ணீரைப் பார்த்து "வி, மதாம்", ஆமாம் அம்மா, என்றேன். இன்றுவரை என்னை உறுத்துவது அந்த இரண்டு சொல்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் செந்தூரன் கதிரையில் இருந்துவிட்டான்.

"அப்பா, அது பிளாக் மெட்டல். அவையின்ர முதல் அல்பம். முழுக்கச் சாத்தான்ர பாட்டு."

"தாடியைப் பாத்துச் சாமிமார் எண்டு நினைச்சிட்டன்."

"பாதிரியார் ஒண்டும் சொல்லேல்லையே?"

"தமிழ் கனமான பாஷை எண்டவர்."

அடுத்த வருடம் கொஸ்தாவின் திவசத்துக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்றே போனேன். கதவைத் திறந்ததும் மரியா, அந்தப் பாட்டைக் கொண்டுவந்தீர்களா, கொஸ்தாவுக்காக வேறு யாரும் அப்படி அழவில்லை என்றார். பிறகு எப்படிச் சொல்வது? தட்டை எடுக்க வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

இது நாலாவது வருடம். இசைத்தட்டை இப்போது என் கையில் தருவதில்லை; செந்தூரனே கறுப்புச் சட்டையோடு அதை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்பான்.

"வெளிக்கிடுங்கோ அப்பா. எங்கட தேவாரத்துக்கு நேரமாச்சு."