ஒரு நாள் சோறு, மறுநாள் பலகாரம்

பேகம்பூர், திண்டுக்கல்
12.8.2006

அன்பு மகன் பிராங்க்ளினுக்கு அம்மா ஆரோக்கியம்மாள் முத்தத்தோடு எழுதுவது. நான் உயிரோடு, நல்லபடியாக இருக்கிறேன். நீயும் மருமகள் ஜெஸ்ஸியும் பெங்களூர்க் குளிரில் சளிப் பிடிக்காமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

அப்பாவுடைய முப்பதாம் நாள் பூசைக்கு வந்தபோது, "சுகர் எறங்கலைன்னா வீட்டைப் பூட்டி ஒன்னையப் பெங்களூருக்குத் தூக்கிட்டுப் போயிருவேன்" என்றாயே, அந்தப் பயத்தில், உன் ஜிம் மாஸ்டர் சொன்னதாக நீ எழுதிக் கொடுத்த தாளை அடுப்படியில் ஒட்டினேன். ஒரு நாள் சோறு, மறுநாள் சோறு கிடையாது. ஒற்றைப்படைத் தேதியில் சோறு என்று வைத்துக்கொண்டேன். முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து வந்ததில் இரண்டு நாளும் சாப்பிட்டேன், அது காலண்டர் அடித்தவன் குற்றம். சோறில்லாத நாளில், தவக்காலத்து ஒருசந்தி விரதம் மாதிரி, காலையில் இட்லி, மத்தியானம் இடியாப்பம், ராத்திரி தோசை என்று வயிற்றைக் கட்டினேன். பக்கத்து வீட்டுக் காதர் பீவி பார்த்துவிட்டு, "ஏக்கா, இடியாப்பத்தை அரிசி மாவுல புழியாம மண்ணுலயா புழியிறீக?" என்று கேட்டாள். எனக்குப் பகீரென்றது. மறுமுறை ஒன்றுமே தின்னாமல் சுகர் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் கிடந்தேன். கை நடுங்கி, வேர்த்து ஊற்றி, காதர் பீவிதான் சர்க்கரைத் தண்ணீர் புகட்டி ஆட்டோவில் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டு, "எடை தூக்குற பசங்களுக்கு இது ஒத்து வந்தாலும் வரும். மாத்திரை போடுற ஒங்களுக்கு வேணாம்மா. தெனமும் அளவாச் சாப்பிடுங்க" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மூன்று மாதச் சராசரிச் சுகர் முன்னைவிட நன்றாக இறங்கியிருக்கிறதாம்! "எங்கயாச்சும் நடக்குறீங்களா?" என்றார். "அவரு கல்லறைக்குத்தான். தெனமும் நடந்து போயி நடந்து வாரேன்" என்றேன். "அதை மட்டும் விட்டுறாதீங்க" என்றார். பஸ் ஸ்டாண்டில் தொலைத்த பை திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது மகனே. இனி வீட்டைப் பூட்ட வேண்டாம். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா,
ஆரோக்கியம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மத்தியானமாகிவிட்டது. டாக்டரம்மா சொன்ன அளவில், ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போட்டேன். இத்தனை நாளும் இரண்டு ஆளுக்கு வடித்து வந்திருக்கிறேன் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சின்னச் சட்டி முன்னால் உட்கார்ந்தேன், ஒரு வாய் இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போ. வீட்டை நானே பூட்டிவிடுகிறேன்.