செத்தவீட்டில் கைகாட்டியவன்

ஒரு செத்தவீட்டில் அறுபது பேரைச் சிரிக்க வைத்த பாவி நான். (பிணம் உயிரோடுதான் இருந்தது. சினிமாச் செத்தவீடு.)

லண்டன் மோர்டனில் கலியாண வீடியோ என்றால் என்னை விட்டால் ஆளில்லை என்பது அப்போது என் எண்ணம். மனைவி சுகந்தி, "நிரந்தரமா ஒரு வேலையைப் பாருங்கோ" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் போலந்துப் பெண் ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் கமராப் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. தன் நாட்டில் செய்திப்படம் எடுத்துத் தொடங்கி, பத்து நாடுகளில் படம்பிடித்தவர் அவர். விளக்குப் போடப் பிடிக்காது. ஜன்னல் வெளிச்சத்துக்காக மணிக்கணக்கில் காத்திருப்பார்.

அன்று லண்டன் தேவாலயம் ஒன்றில் இறுதிச்சடங்குக் காட்சி. இரண்டாவது கமராக்காரருக்குக் காய்ச்சல்.

"உங்களுக்குக் கமரா பிடிக்கத் தெரியுமா?" என்று ஒளிப்பதிவாளர் என்னிடம் கேட்டார்.

"பதினைந்து வருட அனுபவம்" என்றேன். (என்ன அனுபவம் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.)

"கூட்டத்தை எடுங்கள். இன்று சரியாகச் செய்தால் படம் முடியும்வரை இது உங்கள் வேலை."

ஓரமாகப் போய்ச் சுகந்திக்குப் போன் எடுத்தேன்.

"பதறாதேங்கோ. கலியாணவீட்டிலை எடுக்கிற மாதிரி எடுங்கோ, அதுவே போதும்" என்றார். அப்படியே செய்தேன்.

எங்கள் கலியாண வீடியோவில் ஒருவர் முகமும் விடுபடக்கூடாது. விடுபட்டால் மறுநாளே பெண்ணின் தாய், "எங்கட மாமி எங்கை?" என்று போனில் நிற்பார். அதனால் வரிசை வரிசையாகப் போய், இடது கையை ஆட்டிக் கூப்பிட்டு, அவர்கள் சிரிக்கும்வரை நகரமாட்டோம்.

இரண்டு மணிநேரம் காத்திருந்த பிறகு வெளிச்சம் வந்தது. கதாநாயகி சவப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கதறினார். என் இடது கை தானாக எழும்பியது. முதல் வரிசை சிரித்தது. அடுத்ததும் சிரித்தது. மூன்றாம் வரிசையில் ஒரு அம்மா தொப்பியைச் சரிசெய்து எனக்குக் கைகாட்டினார். எல்லாம் இரண்டு கமராவிலும் பதிவானது. பிறகு மேகம் மூடிக்கொண்டது; அன்று திரும்ப எடுக்க வழியில்லை.

ஒளிப்பதிவாளர் திரும்பப் போட்டுப் பார்த்தார். வேலை போய்விட்டது என்று எனக்கு அழுகை வந்தது.

"ஏன் சிரிக்க வைத்தீர்கள்?"

மாமி கதையைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்தினார். தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஒரு முகத்தையும் விடவில்லை நீங்கள்" என்றார். "நாளை ஆறு மணிக்கு வாருங்கள். இடது கை மட்டும் காற்சட்டைப் பைக்குள் இருக்கட்டும்."

இன்றுவரை கமராதான் என் பிழைப்பு. ஆனால் எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் காரை விட்டு இறங்கமுன் சுகந்தி சொல்வார்: "இஞ்சேருங்கோ, ஒருத்தரையும் சிரிக்கச் சொல்லிப்போடாதேங்கோ."

உடனே மகள் வந்து என் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். சனம் அதைப் பாசம் என்று நினைக்கிறது.