சிவப்புக் குதிக்கால்

ஊர் கூடியிருக்கும் இடத்தில் எதையாவது செய்துகாட்டப் போகிறவர்கள், முதலில் கதவைப் பூட்டிக்கொண்டு அதை ஒருதடவை செய்துபார்க்க வேண்டும். இது எனக்குக் கலியாணத்துக்கு முன்பே தெரிந்திருந்தால், மாமி வீட்டில் இன்று ஒரு குடம் தண்ணீராவது தூக்க விட்டிருப்பார்கள்.

அப்போது எலும்புத் தேய்வு பற்றிய ஓர் ஆய்வில் நான் உதவியாளர். வவுனியாவிலிருந்து உருத்திரபுரம் போயிருந்தேன். ஐம்பது தாண்டிய பெண்களின் குதிக்காலை ஒரு சின்ன மெஷினுக்குள் வைத்து எலும்பின் பலத்தைப் பார்ப்பதுதான் வேலை. அதே ஊரில்தான் எனக்குச் சம்பந்தமும் பேசிக்கொண்டிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்ப்பது மட்டும் பாக்கி. மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்திருந்தேன். (எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.) அவரைத்தான் கட்டுவது என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

பொதுமண்டபத்துக் கதிரைகள் நிறைந்திருந்தன. மெஷின் பக்கம் மட்டும் ஒருவரும் வரவில்லை. "உது எலும்புக்குள்ள இருக்கிற சத்தை உறிஞ்சுமாம்" என்று யாரோ கதை கட்டிவிட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாதர் சங்கத் தலைவி என் காதருகே குனிந்தார்.

"முன்வரிசையில நீலச் சீலையோட இருக்கிறவாதான் மாப்பிள்ளையின்ர தாய். உம்மைப் பாக்கத்தான் வந்திருக்கிறா."

அவ்வளவுதான், எனக்குள் ஒரு பேராசிரியை எழும்பிவிட்டார்.

"பயப்பிடாதேங்கோ அம்மாமார்! பச்சை வந்தா நல்ல எலும்பு. மஞ்சள் வந்தாக் கவனம். சிவப்பு வந்தா, தட்டினாலே முறியும். இப்ப பாருங்கோ, நானே வைச்சுக் காட்டுறன்!"

திரையைச் சபைப் பக்கம் திருப்பிவிட்டுக் காலை வைத்தேன். சிவப்பு.

"ஐயோ! இந்த வயசிலையோ?"

"பெத்தவை பால் வாங்கிக் குடுக்கேல்லைப் போல."

குதிக்காலில் ஜெல் பூச மறந்தது அப்போதுதான் உறைத்தது. பூசி மறுபடி வைத்தேன். பச்சை.

"தன்ர மெஷின்தானே, திருத்திப்போட்டா" என்றார் ஒருவர்.

இரண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார்கள். இந்தப் பிள்ளைக்கே இந்தக் கதியென்றால் தங்களுக்கு எப்படியோ என்ற பயத்தில், பிறகு எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு கால் வைத்தார்கள். ஆய்வு தப்பிப் பிழைத்தது. நீலச் சீலைக்காரரை மட்டும் காணவில்லை.

பின்னேரம் அம்மா போனில் அழுதா. "எலும்பில்லாத பிள்ளையெண்டு ஊரெல்லாம் கதையாம். சம்பந்தம் போச்சடி!" நானும் அழுதேன். படத்தைப் பார்த்துப் பார்த்து அழுதேன்.

அந்தக் கிழமையே அந்த நீலச் சீலைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கட்டு முருங்கையிலையும் ஒரு பை நெத்தலிக் கருவாடும்.

"எங்கட காலைக் கேக்க முதல் தன்ர காலை வைச்ச பிள்ளை. எலும்பை நாங்கள் தேத்தி எடுப்பம். நீங்கள் நல்ல நாள் பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

கலியாணத்தன்று அம்மி மிதிக்க மாப்பிள்ளை என் காலைப் பிடித்துத் தூக்கினார். ஐயர் மந்திரத்தை நிறுத்துமளவுக்கு ஒரு சத்தம்:

"தம்பி, மெல்ல! அது சிவப்புக் கால்!"

மேளகாரர்கூடச் சிரித்துவிட்டார். வீடியோவில் அந்த இடம் வந்தால் என் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். மாமி மட்டும் இன்றுவரை சிரித்ததில்லை.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. நான் கத்தியிராட்டி அண்டைக்கே முறிஞ்சிருக்கும்."